கதிரும் ஆயுளும்

(நாச்சியாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் வந்து பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்ற யோசனை எனக்கு வெகுநேரம் நீடிக்கவில்லை. கதிர்ச் சிகிச்சைத் துறையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்தக் காலமெல்லாம் காரைக்குடி, திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பத்தார் என்னிடம் கேட்ட எத்தனையோ கேள்விகளுள், ஒரே மூச்சில் விடை சொல்ல முடியாமல் நான் நின்றுபோன கேள்வி ஒன்று உண்டு. "எங்க சின்னாத்தாளுக்குக் கரண்டு வச்சு நல்லாயிட்டாக, எங்க ஆத்தாளுக்கு மட்டும் ஏன் வைக்க மாட்டேங்கிறீக?" என்பதே அந்தக் கேள்வி. கரண்டு வைப்பது என்று நம் ஜனங்கள் சொல்வது கதிர்ச் சிகிச்சையைத்தான். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்லி அனுப்பினேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று சாவகாசமாகச் சொல்ல உங்கள் அநுமதியைக் கோருகிறேன்.

அந்தச் சின்னாத்தாளுக்கு வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். ஆத்தாளுக்கு வந்ததோ சூலகப் புற்றுநோய். வீட்டில் இரண்டையும் 'கர்ப்பப்பைக் கேன்சர்' என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். இடத்தால் ஒரு சாண் தூரமும் இல்லாத இவ்விரண்டு வியாதிகளும் சுபாவத்தால் முற்றிலும் வேறானவை. கருப்பைவாயில் தோன்றும் நோய் நெடுங்காலம் தான் தோன்றிய இடத்தை ஒட்டியே வளர்வது. உதிரப்போக்கு என்ற அடையாளத்தைக் காட்டுவது. வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கதிரை அதன்மேல் குவிக்க வசதியான இடத்தில் இருப்பது. ஆகையால் அங்கே கதிர்ச் சிகிச்சைதான் பிரதான வைத்தியம். சூலகமோ வயிற்றறையின் ஆழத்தில் திறந்த வெளியில் தொங்குவதுபோல் அமைந்திருக்கிறது. அதில் பிறக்கும் நோய் தன் அணுக்களை வயிற்றின் உள்ளுறை முழுவதிலும், குடலின் மேற்புறத்திலும், குடலை மூடிய கொழுப்புத் திரையிலும், கல்லீரலின் விளிம்பிலும், கூடத்தில் உளுந்துப் பானை கவிழ்ந்தாற்போலச் சிதறிவிடுகிறது. இந்த நோயில் மிகுதியும் காணப்படும் வகை பெரும்பாலும் சூலகத்தில் பிறப்பதில்லை, அதன் அருகிலுள்ள கருக்குழாயின் நுனியில்தான் பிறக்கிறது என்று சென்ற இருபது ஆண்டுகளின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

ராண்ட்ஜென் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-ஆம் ஆண்டு நவம்பரில். கியூரி தம்பதிகள் ரேடியத்தை அறிவித்தது 1898-இல். அந்தச் சக்தி நம் பக்கத்து ஏழை ஜனங்களின் நோய்க்குப் பயன்பட வேண்டும் என்று தவம் கிடந்தவர், இங்கிருந்து வெகுதூரமில்லாத புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அந்த அம்மையார், 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை முப்பது வருஷங்கள் மனத்தில் சுமந்து, 1954 ஜூனில் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்தக் குடிலை ஒரு பெரும் ஸ்தாபனமாக வளர்த்த வரலாறு தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியது. 1957-இல் கனடாவிலிருந்து வந்த கோபால்ட் 60 இயந்திரம் அங்கே நிறுவப்பட்டது. கோபால்ட் கதிரால் மனிதருக்குச் சிகிச்சை செய்வது உலகிலேயே 1951-இல்தான், அதே கனடாவில், ஆரம்பமாயிற்று என்பதை நினைத்தால், ஆறே ஆண்டுகளில் அது அடையாற்றுக்கு வந்து சேர்ந்ததன் அருமை விளங்கும். கருப்பைவாய் நோயோடு மாட்டு வண்டியிலும் ரயிலிலும் வந்து சேர்ந்த எத்தனையோ தாய்மார்கள் அத்தகைய இயந்திரங்களின் கீழே படுத்து எழுந்து குணமடைந்து ஊர் திரும்பினார்கள். 'கரண்டு வைத்தால் பிழைக்கலாம்' என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் வேரூன்றியது இவ்வாறுதான். அது ஆதாரமில்லாத நம்பிக்கையன்று.

அதே கதிரைச் சூலக நோய்க்கும் பிரயோகித்துப் பார்க்காமல் வைத்தியர்கள் இருந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், அறுவைக்குப் பிறகு இந்நோய்க்கு இருந்த முக்கியமான துணையே கதிர்தான். ஆனால் அவர்களுக்கு எதிர்ப்பட்ட சங்கடம் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நோயணுக்களை அழிப்பதற்கே சுமார் 45 முதல் 50 கிரே அளவுள்ள கதிர் வேண்டும். கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு. நோய் சிதறிக் கிடப்பதோ வயிறு முழுவதும். முழு வயிற்றையும் கதிரில் காட்டினால் அது பொறுக்கும் அளவு 30 கிரேயைத் தாண்டாது. சிறுநீரகங்கள் 20 கிரேயை எட்டுவதற்குள்ளேயே கெடத் தொடங்கும். கல்லீரலும் அதிகம் பொறுக்காது. குடலும் நுட்பமானது, பிற்காலத்தில் சுருங்கி அடைத்துக்கொள்ளும். நோயை அழிக்கப் போதுமான அளவை உடல் தாங்காது. உடல் தாங்கும் அளவோ நோய்க்குப் போதாது. சூலகப் புற்றுநோயில் கதிர்ச் சிகிச்சையின் கதை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அந்த இடைவெளியைக் கடக்க மனிதர்கள் செய்த முயற்சிகள் வணங்கத் தக்கவை. வயிற்றைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து, நாளுக்கு நாள் கதிரை ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்த்திச் செல்லும் முறை ஒன்றைக் கண்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில், அவ்வாறு கதிர் பெற்ற பெண்களையும் மெல்ஃபலான் என்ற மாத்திரை பெற்ற பெண்களையும் ஒப்பிட்டு 1975-இல் முடிவை வெளியிட்டபோது, இரு சாராரின் ஆயுளிலும் பேதம் காணவில்லை. குடல் உபத்திரவம் மட்டும் கதிர் பெற்றவர்களுக்கே மிகுதியாயிருந்தது. அதே பத்தாண்டில் கனடாவின் டொரான்டோ நகரத்து இளவரசி மார்கரெட் மருத்துவமனையில் டாக்டர் டெம்போவும் அவருடைய சகாக்களும் வேறொரு சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் அடிவயிற்றில் கதிர் கொடுத்து, பின்பு ஒரு சாராருக்கு வயிறு முழுவதற்கும் கதிர், மற்றொரு சாராருக்குக் குளோராம்புசில் மாத்திரை என்று பிரித்தார்கள். முழு வயிற்றுக்கும் கதிர் பெற்றவர்கள் அதிக காலம் உயிரோடிருந்தார்கள். ஆயினும் அந்த லாபம் எல்லோருக்கும் கிட்டவில்லை. கருப்பையும் இரு சூலகங்களும் முழுமையாக அகற்றப்பட்டு, வயிற்றில் பெரிய கட்டி ஏதும் மிச்சமில்லாத பெண்களுக்கே அது கிட்டியது. ஹூஸ்டனும் டொரான்டோவும் ஒன்றையொன்று மறுத்ததாகப் பலர் அன்று வாதாடினார்கள். என் அபிப்பிராயம் அப்படியன்று. அறுவை வைத்தியர் வயிற்றைச் சுத்தமாக்கிக் கொடுத்தால்தான் கதிருக்கு வேலை உண்டு என்ற ஒரே சத்தியத்தை இரண்டும் இரு திசைகளிலிருந்து சொல்லின.

கதிரின் ஸ்தானம் ஆட்டங்கண்டது ஓர் உலோகத்தால். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றில் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, நுண்ணுயிர்கள் மீது மின்சாரம் செய்யும் வேலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நுண்ணுயிர்கள் பெருக்கமடையாமல் நின்றதைக் கண்டு காரணம் தேடியபோது, மின்சாரம் அன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே காரணம் என்று 1965-இல் அறிவித்தார். அதிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் என்ற மருந்து 1978-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உபத்திரவம் குறைந்த கார்போபிளாட்டின் பின்னர் வந்தது. ஒருவகை மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட பாக்ளிடாக்செல் இவற்றோடு சேர்ந்தது. அதன் இரசாயன அமைப்பை 1971-இல் வெளிப்படுத்திய இருவருள் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். முற்றிய நோயுள்ள பெண்களிடையே, சிஸ்பிளாட்டினோடு பழைய மருந்தைச் சேர்த்தபோது 24 மாதங்களாக இருந்த நடு ஆயுள், பாக்ளிடாக்செலைச் சேர்த்தபோது 38 மாதங்களாக உயர்ந்தது என்று 1996-இல் ஒரு பெரும் சோதனை காட்டியது. நடு ஆயுள் என்றால், அத்தனை பெண்களையும் உயிரோடிருந்த கால வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவளின் காலம். அவளுக்கு அப்பாலும் பாதிப்பேர் நிற்கிறார்கள் என்பதை நோயாளியின் வீட்டார் மறக்கவே கூடாது. இரத்தத்தில் கலந்து வயிற்றின் மூலைமுடுக்கெல்லாம் செல்லும் மருந்து கிடைத்த பிறகு, முழு வயிற்றுக்கும் கதிர் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் படிப்படியாக நின்றது. "ஆத்தாளுக்கு ஏன் வைக்கவில்லை" என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான். நாங்கள் ஒன்றை மறுக்கவில்லை. அதைவிட மேலான ஒன்றைக் கொடுத்தோம்.

ஆனால் விஷயம் இத்துடன் நிற்பதில்லை. 'கதிர் பெற்ற சூலக நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள்' என்று ஓர் ஆராய்ச்சியும், 'இல்லை, குறைந்த நாளே வாழ்கிறார்கள்' என்று மற்றோர் ஆராய்ச்சியும் அவ்வப்போது வெளிவருகின்றன. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டுக் கத்தரித்து எடுத்துவரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு என்பது உங்கள் ஊருக்கு நான் கற்பிக்க வேண்டியதன்று. பேரேடும் ஐந்தொகையும் உங்கள் முன்னோரின் மூச்சு. ஆகவே உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களுள், பொருளோடு திரும்பியவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் முகப்பும் வளவும் பட்டாலையுமாக இத்தெருக்களில் நிற்கின்றன. அவற்றை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, கப்பலேறிய அனைவரும் செல்வரானார்கள் என்று ஒருவர் எழுதினால் நீங்கள் ஒப்புவீர்களா? காய்ச்சலில் அங்கேயே மடிந்தவருக்கும், கடை நொடித்துக் கைவெறுமையாக வந்தவருக்கும், 1942-இல் ரங்கூனிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு வழியில் வீழ்ந்தவருக்கும் இங்கே மாளிகை இல்லை. மாளிகையை மட்டும் எண்ணுகிற கணக்கில் அவர்கள் பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.

சூலக நோய்க் கணக்கிலும் இதே பிழை நேர்கிறது. அறுவை முடிந்து, ஆறு தவணை மருந்தும் முடிந்து, அதன் பிறகும் தெம்பாக இருக்கிற பெண்ணுக்குத்தான் வைத்தியர் கதிரைப் பற்றி யோசிக்கவே செய்வார். மூன்றாவது மாதத்தில் இறந்துபோனவள் கதிர் பெறும் வாய்ப்புக்கு முன்பே போய்விட்டாள். அவள் 'கதிர் பெறாதவர்' என்ற பத்தியில் விழுகிறாள். ஆகவே கதிர் பெற்றவர் நெடுங்காலம் வாழ்ந்தார் என்று கணக்குக் காட்டினால், கதிரால் வாழ்ந்தார்களா, வாழ்ந்ததால் கதிர் பெற்றார்களா என்பது விளங்குவதில்லை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நோய் திரும்பி வந்து, மருந்துகள் கைவிட்டு, உதிரமும் வலியும் தாளாத நிலையில் உபசாந்திக்காகக் கதிர் பெற்றவர்களைக் கணக்கில் சேர்த்தால், கதிர் ஆயுளைக் குறைப்பதுபோலத் தோன்றும். யாரை யாரோடு, எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் எந்த ஆயுள் கணக்கையும் நம்பாதீர்கள். சீட்டுப் போட்டுப் பிரித்தாற்போல நோயாளிகளைப் பாரபட்சமின்றி இரு கூறாக்கி நடத்தும் சோதனைகளுக்கு நாங்கள் அத்தனை மதிப்பு அளிப்பது இதனால்தான்.

இன்று கதிருக்கு இந்த நோயில் எஞ்சியிருக்கும் இடங்கள் சில. அவை சிறியவை. அவற்றைச் சொல்லுமுன், கதிர் விட்டுக்கொடுத்த ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இளம் பெண்களுக்கு வரும் டிஸ்ஜெர்மினோமா என்ற வகை கதிருக்கு மெழுகுபோல உருகக்கூடியது. முற்காலத்தில் அந்தப் பெண்களைக் கதிரே காப்பாற்றியது, ஆனால் பெரும்பாலும் அவர்களுடைய தாய்மையை விலையாகக் கேட்டது. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளால் அவர்கள் குணமாவதோடு பிள்ளை பெறவும் முடியும் என்று ஆனபின், கதிர் அங்கிருந்து தானே விலகிக்கொண்டது. கதிர் வைத்தியனாகிய நான் அந்த விலகலை நஷ்டமாக ஒருநாளும் நினைத்ததில்லை.

நோய் இன்னும் பரவாத நிலையில், தெளிவுயிரணு வகை போன்ற, மருந்துக்கு எளிதில் மசியாத சில வகைகளுக்கு, மருந்தோடு வயிற்றுக் கதிரும் சேர்ந்தால் ஆயுள் கூடுகிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தார் தம் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். டொரான்டோவில் பின்னர் இதேபோல் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் அந்த லாபத்தைக் காணவில்லை. இரண்டும் பின்னோக்கிப் பார்த்த கணக்குகள்; முன்பு நான் சொன்ன மாளிகைக் கணக்கின் ஆபத்து இரண்டுக்கும் உண்டு. நோய் திரும்பி வந்தும் ஓரிரண்டு இடங்களில் மட்டும் நிற்பவர்களுக்கு, லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற இயந்திரத்தால் ஊசிமுனை போல் குறிவைத்துச் சில நாட்களில் கதிர் கொடுக்கும் முறை இன்று வந்திருக்கிறது. இத்தாலிய மருத்துவமனைகள் பல சேர்ந்து, 261 பெண்களின் 449 கட்டிகளுக்கு இவ்வாறு செய்ததை 2020-இல் வெளியிட்டன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு கட்டிகள் முற்றும் மறைந்தன. கட்டி மறைவது வேறு, ஆயுள் கூடுவது வேறு. இரண்டாவதற்கு இன்னும் உறுதியான சோதனை வேண்டும். ஆனாலும் மீண்டும் ஒருமுறை மருந்தின் கொடுமைக்கு உட்படுவதை ஒரு பெண் பல மாதங்கள் தள்ளிப்போட முடிவதை நான் சாமானியமாக எண்ண மாட்டேன்.

இறுதியாக, உதிரத்தை நிறுத்தவும் வலியைத் தணிக்கவும் கொடுக்கும் கதிர். ஐந்து நாளில், சிலருக்கு ஒரே நாளில், முடிந்துவிடும் இந்தச் சிகிச்சையைப் பற்றி ஆயுள் கணக்குகள் ஒன்றுமே சொல்வதில்லை. தினமும் துணி நனைய நனைய வெளியில் தலைகாட்டக் கூசிப் பின்கட்டிலேயே அடைந்து கிடந்த அம்மாள் ஒருவர், இவ்வைத்தியத்துக்குப் பிறகு பேத்தியின் திருமணத்தன்று முகப்பில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து வருகிறவர்களை வாங்க வாங்க என்று கேட்டதை அவருடைய மகன் வந்து என்னிடம் சொன்னார். அவர் அந்த வருஷமே காலமானார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள மாதங்களின் எண்ணிக்கையில் அந்த ஒரு காலைப்பொழுதுக்கு இடமில்லை.

ஆயுளை மெய்யாகவே மாற்றுவது எது என்று கேட்பீர்கள். நோய் சூலகத்தளவில் நிற்கும்போதே கண்டவர்களுள், அமெரிக்கப் பதிவேடுகளின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருஷம் கடக்கிறார்கள்; தொலைவாகப் பரவிய பின் கண்டவர்களுள் முப்பது பேர் அளவிலேயே. பெரும்பாலோர் இரண்டாம் கூட்டத்தில் இருப்பதுதான் துயரம். அப்படியானால் ஊரிலுள்ள பெண்களெல்லாம் வருஷாவருஷம் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களுள் ஒரு பாதியினரை இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், மரணம் குறையவில்லை என்றே 2021-இல் முடிவாயிற்று. ஆகையால் எஞ்சியிருப்பது கவனம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆச்சி, பந்தியில் பாதி இலையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்திருக்கிறார். சேலைக் கட்டு இறுகுகிறது, கன்னமோ ஒடுங்குகிறது. அடிக்கடி சிறுநீருக்குப் போகிறார். வாயு என்று ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் கொடுக்கிறோம். ஒரு வாரம் கொடுங்கள்; மூன்று வாரமாகியும் தினந்தோறும் அப்படியே இருந்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என் அப்பத்தாளுக்கு எங்கள் வீட்டில் ஐந்து மாதம் கஷாயம் கொடுத்தோம். வைத்தியம் படித்துக்கொண்டிருந்த நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

அறுவையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நோய்க்கான அறுவையைப் பழக்கமுள்ள புற்றுநோய் அறுவை வைத்தியரே செய்ய வேண்டும்; வயிற்றில் மிச்சம் விடாமல் எடுப்பது ஆயுளோடு நேரே சம்பந்தப்பட்டது. அவசரத்தில் அருகில் கிடைத்த இடத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வருவது வேண்டாம். குடும்ப வழியைப் பற்றியும் கேளுங்கள். பி.ஆர்.சி.ஏ. என்ற பரம்பரைக் கூறு பழுதுபட்டிருந்தால் இந்நோயின் அபாயம் பலமடங்காகிறது. அது தாயார் மூலம் ஆயா வழியில் வருவதுபோலவே, தகப்பனார் மூலம் அப்பத்தா வழியிலும் வரும். ஆகவே டாக்டர் கேட்கும்போது இரு வழியையும் சொல்லுங்கள். அந்தப் பழுதுள்ளவர்களுக்கு நோய் திரும்பாமல் நெடுங்காலம் காக்கும் மாத்திரைகள் வந்திருப்பதால், அந்தப் பரிசோதனை இன்று வெறும் தகவலுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடிந்து வருஷங்கள் ஆனபின்பும், நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும். இப்போது தொலைபேசியிலும் கேட்பார்கள். நலமாயிருப்பவர்கள், பழையதை நினைவூட்டுகிறார்களே என்று பதில் எழுதுவதில்லை. காலமானவர்களின் வீட்டாருக்கோ அந்தக் கடிதம் புண்ணைக் கிளறுவதாக இருக்கிறது; கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் துக்கம் எனக்குத் தெரியும். ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன ஆயுள் கணக்கெல்லாம் ஹூஸ்டன், டொரான்டோ போன்ற அயல்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவையே அன்றி, நாச்சியாபுரத்து ஆச்சி ஒருவரின் பெயர் அதில் இல்லை. நம் பெண்களின் சரீரத்துக்கு எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தது, கதிர் யாருக்கு உதவியது என்பதை நாம் அறிய வேண்டுமானால், அந்தக் கடிதத்துக்கு விடை போக வேண்டும். இருக்கிறார் என்றால், இருக்கிறார் என்று எழுதுங்கள். இல்லையென்றால், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள எண்ணை மறக்காமல் கடிதத்தின் மேலே குறித்துவிடுங்கள்.